வெயிலைக் கடன் வாங்கும் உயிர்கள்

நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரமும் வந்துவிட்டால், கம்மாபுரத்துத் தரையில் நண்பகலில் வெறுங்காலுடன் நடக்க இயலாது. குடையும் மோருமாக நாம் நிழலைத் தேடி ஓடுகிறோம். அதே வேளையில் வேலியோரத்து ஓணானும், வரப்பு வளையிலுள்ள சாரையும், முந்திரித் தோப்புச் சருகில் சுருண்டு கிடக்கும் விரியனும் அந்த வெயிலைக் கணக்குப் பார்த்துச் செலவிடுகின்றன. அவற்றின் ஓட்டம், பசி, செரிமானம் ஆகிய யாவும் வெளியிலிருந்து கிடைக்கும் வெப்பத்தையே நம்பியுள்ளன. அவற்றின் குஞ்சுகள் பிழைத்துப் பிறப்பதும் அந்த வெப்பத்தைப் பொறுத்ததே. ஆகவே, ஊர்வனவற்றின் தாய்மை என்பது பெரும்பாலும் ஏற்ற வெப்பத்தைத் தேடிக் கொடுக்கும் வேலைதான் எனலாம். அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதை அறிவதால் நமக்கு என்ன பயன் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

குளிர்ந்த இரத்தமா?

பறவைகளையும் பாலூட்டிகளையும் வெப்ப இரத்தப் பிராணிகள் என்றும், பல்லி, ஓணான், பாம்பு முதலியவற்றைக் குளிர் இரத்தப் பிராணிகள் என்றும் பாடநூலில் படித்திருக்கிறோம். இப்பெயரை அப்படியே பொருள் கொண்டால் தவறாகிவிடும். வெயிலில் காயும் ஓணானின் இரத்தம் குளிர்ந்திருப்பதில்லை. சில வேளைகளில் அதன் உடல் வெப்பம் நம்முடையதற்குச் சமமாகவோ, சற்று அதிகமாகவோகூட இருக்கும். வேறுபாடு வெப்பத்தின் அளவில் இல்லை. வெப்பம் வரும் வழியில்தான் இருக்கிறது.

நம் உடல் மார்கழிப் பனியிலும் வைகாசி வெயிலிலும் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இருக்கிறது. நாம் உண்ணும் உணவின் பெரும்பகுதி இந்த அடுப்பை அணையாமல் எரிப்பதற்கே செலவாகிறது. ஓணானுக்கு அத்தகைய அடுப்பு இல்லை. அது சூரியனிடம் கடன் வாங்குகிறது. காலையில் உடலின் நிறத்தைக் கருமையாக்கிக்கொண்டு, வெயில் படும் பக்கம் உடலைத் தட்டையாக்கி அமர்கிறது. கருமை வெப்பத்தை விரைவில் ஈர்க்கும் என்பது நாம் அறிந்ததே. உடல் போதிய அளவு சூடேறியதும் நிறம் வெளிறுகிறது. இரை தேடப் புறப்படுகிறது. உச்சி வேளையில் நிழலுக்கு நகர்ந்துவிடுகிறது. இப்படி இடம் மாறி மாறியே தனக்கு வேண்டிய வெப்பத்தை அது காத்துக்கொள்கிறது.

இம்முறையில் பெரும் சிக்கனம் உண்டு. ஒரே எடையுள்ள பாலூட்டி உண்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உணவே ஊர்வனவற்றுக்குப் போதும். ஒரு பெரிய எலியை விழுங்கிய பாம்பு பல நாட்கள் பட்டினி கிடப்பது நோன்பு அன்று. அதற்கு அவ்வளவே தேவை. ஆனால் இச்சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. கோழி முட்டையின்மேல் அமர்ந்தால் தன் உடற்சூட்டை முட்டைக்குக் கொடுக்கும். தன்னிடமே சொந்தச் சூடு இல்லாத தாய் தன் முட்டைக்கு எதைக் கொடுக்கும்?

ஓணானின் முட்டைக்குழி

நாம் அன்றாடம் காணும் ஓணானையே முதலில் எடுத்துக்கொள்வோம். இவ்வினத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் தொதேன் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஆண்டு 1802. 2016ஆம் ஆண்டு இவ்வினத்துக்கு அடையாள மாதிரியாக ஓர் ஓணானை அறிஞர்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தபோது, அது நம் அண்டையிலுள்ள புதுச்சேரியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆக, உலகத்து நூல்களில் விவரிக்கப்படும் அந்த ஓணான் நம் வேலி ஓணானேதான்!

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தொண்டையும் தலையும் செக்கச் சிவந்துவிடும். இரத்தம் குடித்ததால் சிவந்தது என்று சிலர் சொல்வது வெறும் கதை. பெண்ணைக் கவரவும், போட்டிக்கு வரும் ஆணை விரட்டவும் அது காட்டும் கொடியே அச்செந்நிறம்.

மழை பெய்து மண் நெகிழ்ந்ததும் பெண் ஓணான் மரத்தைவிட்டுத் தரைக்கு வருகிறது. தானே குழி பறித்து, பத்து முதல் இருபது முட்டைகள் வரை இட்டு, மண்ணால் மூடி, அடையாளம் தெரியாதபடி சமன் செய்துவிட்டுப் போய்விடுகிறது. திரும்பி வந்து பார்ப்பதில்லை. இதைக் கண்டு அதனைப் பாசமற்ற தாய் என்று சொல்லிவிடலாமா? கூடாது. தேர்ந்தெடுத்த அந்த இடமே அது தன் பிள்ளைகளுக்கு அளிக்கும் சீதனம். மிக ஆழமாகப் புதைத்தால் சூடு போதாது. மேலாகப் புதைத்தால் முட்டை வெந்துவிடும். நிழலில் குளிர்ச்சி, வெட்டவெளியில் கொதிப்பு. ஓணான் முட்டையின் ஓடு தோல்போல் மென்மையானது. அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து வளரும். ஆகவே சூட்டோடு ஈரமும் அளவாக அமைய வேண்டும். இவ்வளவையும் அத்தாய் ஒரே முறையில் தீர்மானித்தாக வேண்டும். பிறகு திருத்த வாய்ப்பில்லை.

வீட்டுப் பல்லியும் இதே கணக்கைப் போடுகிறது. பெண் பல்லியின் வயிற்றுத் தோல் வழியாக இரண்டு வெண்ணிற முட்டைகள் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். அவை கெட்டியான ஓடுடையவை. சுவர்ப் படத்தின் பின்புறமும், அலமாரி இடுக்கும், கூரைச் சந்தும் பல்லி தேர்ந்தெடுக்கும் இடங்கள். சூடு அதிகம் மாறாத, எறும்பும் துடைப்பமும் எட்டாத மூலைகள் அவை.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது என்பது நம் பழமொழி. பிறர் உழைப்பில் வாழ்பவரைக் குறிக்க இதைச் சொல்கிறோம். பாம்பின் பக்கமிருந்து பார்த்தால் இதில் நல்ல அறிவு இருக்கிறது. கறையான் புற்றின் உட்புறம் வெளியே எரிக்கும் வெயிலிலும் இரவுக் குளிரிலும் அதிகம் மாறாத வெப்பமும் ஈரமும் உடையது. எனவேதான் நல்ல பாம்பு புற்றையும் எலி வளையையும் நாடி, பன்னிரண்டு முதல் முப்பது முட்டைகள் வரை இடுகிறது. குஞ்சுகள் வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதுவரை தாய்ப் பாம்பு பெரும்பாலும் முட்டைகளை விட்டு அகலுவதில்லை.

இங்கே இன்னொரு கதையையும் தெளிவுபடுத்திவிடலாம். சாரைப் பாம்பும் நல்ல பாம்பும் பிணையும் என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. இவை வெவ்வேறு இனங்கள். சாரைக்குச் சாரைதான் துணை. இரு பாம்புகள் முன்னுடலை உயர்த்திப் பின்னிக்கொண்டு ஆடுவது பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு ஆண்களின் பலப்பரீட்சையே ஆகும். ஒன்று மற்றொன்றின் தலையைத் தரையில் அழுத்த முயலும், தோற்றது ஓடிவிடும்.

முட்டையா, குட்டியா?

பாம்புகள் எல்லாமே முட்டையிடும் என்று நினைப்பவர்கள் பலர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், சாரை, தண்ணீர்ப் பாம்பு ஆகியவை முட்டையிடுவன. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், மண்ணுளிப் பாம்பு, பச்சைப் பாம்பு ஆகியவையோ குட்டி போடுவன. நம் கடலோரத்துக் கடற்பாம்புகளில் பெரும்பாலானவையும் அப்படியே.

இவை நம்மைப்போல் பாலூட்டிகள் ஆகிவிடவில்லை. முட்டையை வெளியே இடாமல் தன் உடலுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் முறை இது. பல்லி, பாம்பு வகைகளின் வரலாற்றில் இம்முறை நூறு தடவைக்கு மேல் தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஏன் இத்தனை முறை? விடை வெப்பத்தில்தான் உள்ளது. மண்ணில் இட்ட முட்டை தானாக நகர முடியாது. வயிற்றிலுள்ள முட்டையோ தாயோடு சேர்ந்து நகரும். காலையில் வெயிலுக்கும், பகலில் நிழலுக்கும், இரவில் சூடான கல்லின் அடிக்கும் தாய் போகும்போது பிள்ளைகளும் உடன் போகின்றன. குளிர் மிகுந்த மலைகளிலும் வடநாடுகளிலும் குட்டி போடும் இனங்கள் அதிகமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். நம்மைப்போன்ற வெப்ப நாட்டிலும் அதற்குப் பயன் உண்டு; ஏறியிறங்கும் சூட்டைத் தாய் தன் நடமாட்டத்தால் சமன் செய்துவிடுகிறாள்.

கண்ணாடி விரியனை முதன்முதலில் நூலில் நன்கு விவரித்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி மருத்துவர். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1796இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அப்பாம்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சூல்கொண்ட விரியன் ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளைகளைச் சுமக்கிறது. தென்னாட்டில் பெரும்பாலும் மே முதல் ஜூலை வரையிலான மாதங்களில் இருபது முதல் நாற்பது குட்டிகள் வரை ஈனுகிறது. அதற்கு மேலும் ஈனுவதுண்டு. ஒவ்வொரு குட்டியும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருக்கும். பிறந்த அன்றே அதற்கு நச்சுப்பல் உண்டு, நஞ்சும் உண்டு. சிறியதுதானே என்று எவரும் அருகில் செல்லக்கூடாது.

நடுங்கி அடைகாக்கும் தாய்

சொந்தச் சூடு இல்லாத தாய் முட்டைக்கு எதைக் கொடுக்கும் என்று முன்னே கேட்டோம். இதற்கு மலைப்பாம்பு தரும் விடை வியப்பானது. பெண் மலைப்பாம்பு தன் முட்டைகளைக் குவித்து, அவற்றைச் சுற்றிப் பல சுற்றுகளாக வளைந்து, உச்சியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறது. சூடு குறைந்தால் அதன் தசைகள் விட்டுவிட்டுத் துடிக்கின்றன. குளிரில் நாம் நடுங்கும்போது உடலில் சூடு பிறக்கிறதல்லவா? அதே முறைதான். பாரிஸ் விலங்குக் காட்சியகத்தில் 1841இலேயே இதனைக் கவனித்து அளந்தார்கள். நியூயார்க்கில் பர்மிய மலைப்பாம்பு ஒன்றை ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட கட்டுரை, அத்தாய் சுற்றுப்புறத்தைவிடத் தன் சூட்டைப் பல டிகிரி உயர்த்தியதாகக் கூறுகிறது. குஞ்சு பொரியும்வரை ஏறக்குறைய இரண்டு மாதம், பெரும்பாலும் உணவே இன்றி, இந்த நடுக்கம் தொடர்கிறது. உணவின் அருமை தெரிந்த எவரும் இதன் விலையை உணர்வர்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் இராஜநாகம் வேறு வழி காண்கிறது. உடல் வளைவுகளால் இலைச்சருகைக் கூட்டிக் குவித்துக் கூடு கட்டி, அதனுள் முட்டையிட்டு, அதன்மேல் காவல் இருக்கிறது. சருகுக் குவியல் வெப்பத்தையும் ஈரத்தையும் காக்கிறது. கொட்டும் மழையையும் தடுக்கிறது. பாம்புகளுள் கூடு கட்டும் வழக்கம் மிக அரிது.

பல்லியினத்திலும் ஒரு விந்தை 2016இல் வெளியாயிற்று. தென் அமெரிக்காவின் டேகு என்னும் பெரிய பல்லி இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் தன் உடலுக்குள் தானே சூட்டை உண்டாக்குகிறது. இரவில் வளையின் வெப்பத்தைவிட 10 டிகிரி வரை கூடுதலாக இருக்கிறது என்று பிரேசில், கனடா நாட்டு அறிஞர்கள் கண்டனர். நம் முன்னோர்களான பழம்பெரும் விலங்குகள் வெப்ப இரத்தம் பெற்றதும் முதலில் இவ்வாறு பிள்ளைகளின் பொருட்டாகவே இருக்கலாம் என்று கருதுவோரும் உளர்.

ஆணா, பெண்ணா?

நமக்குப் பிள்ளை ஆணா பெண்ணா என்பது கருவுற்ற கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. பாம்புகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் முதலைகளிலும், பல ஆமைகளிலும், சில பல்லிகளிலும் முட்டை வளரும்போது கிடைக்கும் வெப்பமே இதனைத் தீர்மானிக்கிறது.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலையின் முட்டைகளை வெவ்வேறு வெப்ப நிலைகளில் வைத்துப் பார்த்தனர். 28 முதல் 31 டிகிரி வரை வைத்தவை யாவும் பெண் குஞ்சுகள், 32.5 டிகிரியில் வைத்தவை ஆண் குஞ்சுகள். ஒன்றரை டிகிரி வேறுபாட்டில் ஒரு குடும்பமே மாறிவிடுகிறது! இம்முடிவு 1989இல் வெளியிடப்பட்டது. கருநாடக மாநிலம் தார்வாடில் நம் ஓணானை ஆராய்ந்த பேராசிரியர்கள் 2012இல் இன்னும் விந்தையான செய்தியை வெளியிட்டனர். வெப்பம் படிப்படியாகக் கூடும்போது ஓணான் முட்டைகளிலிருந்து முதலில் பெண், பின்னர் ஆண், மீண்டும் பெண், மீண்டும் ஆண் என்று மாறி மாறிப் பிறக்கின்றனவாம்.

வெயில் மிகுந்தால்

இங்கேதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி வருகிறது. உலகின் வெப்பம் உயர்ந்து வருவதை இன்று அறியாதவர் இல்லை. வெயிலில் வாழும் ஓணானுக்கு வெயில் கூடினால் நல்லதுதானே என்று தோன்றலாம். உண்மை அதுவன்று. கடனாளிக்குக் கடன் தருபவர் மிகுந்தால் நன்மையா? அளவு தவறினால் அதுவே கேடு.

மெக்சிகோ நாட்டில் முன்னர் ஓணான் போன்ற முட்பல்லிகள் வாழ்ந்த 200 இடங்களை அறிஞர்கள் மீண்டும் சென்று பார்த்தனர். 1975க்குப் பிறகு அவற்றில் 12 விழுக்காட்டு இடங்களில் அவை இல்லாமற்போயின என்று 2010இல் அறிவித்தனர். காரணம், அவை வெயிலில் வெந்து மடிந்ததன்று. இனப்பெருக்கக் காலத்தில் பகல் சூடு மிகுந்ததால் நெடுநேரம் நிழலிலேயே முடங்க நேர்ந்தது. இரை தேடும் நேரம் குறைந்தது. தாயின் உடலில் முட்டைக்கும் குட்டிக்கும் வேண்டிய சத்துச் சேரவில்லை. குட்டி போடும் இனங்களே அதிகமாக அழிந்தன. குளிருக்குக் கவசமாக இருந்த முறை, சூட்டில் சுமையாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் தாடிப் பல்லி, மரபுப்படி ஆணாகப் பிறக்க வேண்டியது, முட்டை சூடு மிகுந்தால் பெண்ணாகப் பிறந்து முட்டையும் இடுகிறது என்று 2015இல் கண்டறிந்தனர். அந்நாட்டின் வடபகுதிப் பவளத் திட்டில் வளரும் பச்சைக் கடலாமைக் குஞ்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பெண்களாக இருப்பதாக 2018இல் தெரியவந்தது. ஆண்கள் இல்லாமற்போனால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

நம் ஊர் வேலிகளும் மரங்களும் இக்கணக்கில் சேர்ந்தவையே. ஒரு வேப்ப மரத்தின் நிழலும், அதன் அருகே ஒரு வெட்டவெளியும் இருந்தால் ஓணான் தனக்கு வேண்டிய சூட்டைத் தேர்ந்துகொள்ளும். மரமே இல்லாத இடத்தில் அது எதைத் தேர்ந்துகொள்ளும்?

நாம் செய்ய வேண்டுவது

ஊர்வன எங்கே இருக்கும் என்பதை வெப்பமே சொல்லிவிடுகிறது என்று கண்டோம். இவ்வறிவு நம்மையும் காக்கும், அவற்றையும் காக்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களுள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பெரும்பாலோர் நம்மைப்போல் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். ஆதலால் இதனைப் பெற்றோரும் மாணவியரும் கருத்தூன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

வைக்கோற் போர், விறகுக் குவியல், செங்கல் அடுக்கு, எலி வளை ஆகியவை சூடும் மறைவும் உள்ள இடங்கள். சூல்கொண்ட பாம்பு அங்கேதான் தங்கும். அவற்றில் கையை விடாமல் முதலில் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த தார்ச்சாலை இரவிலும் சூடாக இருப்பதால் அந்தி சாய்ந்ததும் பாம்புகள் அங்கே வந்து கிடக்கும். இருட்டில் நடப்போர் விளக்கும் செருப்பும் இன்றிச் செல்லலாகாது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரையே பெரும்பாலும் தீண்டுகிறது. கட்டிலும் கொசுவலையும் சிறந்த காவல். வீட்டைச் சுற்றி உணவுக் கழிவு இல்லையேல் எலி இல்லை. எலி இல்லையேல் பாம்பும் வருவது குறைவு.

கடி நேர்ந்துவிட்டால் அவ்விடத்தைக் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, கயிற்றால் இறுகக் கட்டுவதோ கூடாது. மந்திரத்தையும் பச்சிலையையும் நம்பிப் பொழுதை வீணாக்கலாகாது. கடிபட்டவருக்குத் தைரியம் கூறி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நஞ்சுமுறி மருந்து ஒன்றுதான் உயிர் காக்கும் மருந்து. அம்மருந்து செய்யத் தேவையான நஞ்சை எடுத்துத் தருவதில் நம் இருளர் மக்கள் 1978இல் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. கொல்லும் நஞ்சே காக்கும் மருந்தாவது அவர்கள் உழைப்பால்தான்.

பாம்பைக் கண்டால் விலகி நின்று அது போக வழி விடுவோம். வீட்டினுள் புகுந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிப்போம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஒரு சாரை இல்லாமற்போனால் அது தின்றிருக்க வேண்டிய எலிகள் நம் நெல்லைத் தின்னும். தம்பிமார் ஓணானைச் சுருக்கிட்டுப் பிடித்துக் கல்லால் அடிப்பதைக் கண்டால், அதன் வயிற்றில் இருபது முட்டைகள் இருக்கலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். தோட்டத்தைக் கொத்தும்போது வெண்ணிற முட்டைகள் தென்பட்டால் தொடாமல் மண்ணால் மூடிவிடுங்கள். அந்த இடத்தை ஒரு தாய் சூடும் ஈரமும் ஆராய்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறாள்.